வெளிநாட்டு வேலைக் குழுவை வன்னியில் வரவேற்பது: தியான இல்லப் பொறுப்பாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினைந்து பேர், இரண்டு கிழமை. லண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ ஒரு திருச்சபை, "எங்கள் குழு வந்து உங்கள் இடத்தில் வேலை செய்யலாமா?" என்று கேட்டு எழுதும். அன்றிரவே "தாராளமாக வாருங்கள்" என்று பதில் போட்டுவிடுவது நம்மவர் வழக்கம். நானும் அப்படித்தான் போட்டேன். கிளிநொச்சிக்கு அருகே இரணைமடுப் பக்கத்தில் எங்கள் தியான இல்லத்துக்கு அதன்பிறகு பல குழுக்கள் வந்து போய்விட்டன. புதிதாக இந்தப் பொறுப்பை எடுப்பவர்கள் நான் விழுந்த அதே குழிகளில் விழுவதையும் பார்த்துவிட்டேன். கீழே உள்ள படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். மூன்றாவது முடியாமல் நான்காவதைத் தொடங்கினால் திரும்பி வரவேண்டியிருக்கும்.

தொடங்குமுன் ஒரு சொல்லை மாற்றுங்கள். வருகிறவர்கள் உங்கள் இடத்தைக் "கேம்ப்" என்பார்கள். வன்னியில் கேம்ப் என்றால் ஆமிக் கேம்ப், இல்லாவிட்டால் 2009இல் போர் முடிந்தபோது சனங்களை முட்கம்பிக்குள் வைத்திருந்த கேம்ப். கடிதத்திலும் வாயிலும் தியான இல்லம் என்றே சொல்லப் பழக்குங்கள்.

1. முதலில் வேலை, அதற்குப் பிறகுதான் பதில்

வருவதற்கு ஆறு மாதம் முன்பே, குழு வராவிட்டாலும் நீங்கள் செய்யத்தான் போகிறீர்கள் என்ற வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்துதான் குழுவுக்குரியதைப் பிரிக்கவேண்டும். வருகிறவர்களுக்காக ஒரு வேலையைக் கண்டுபிடித்தால், அவர்கள் போனபின் அதைப் பார்க்க ஆள் இருக்காது.

பழக்கமில்லாத கைகளுக்கு ஏற்றவை: பெயின்ற் அடிப்பது, பழைய பெயின்றைச் சுரண்டுவது, வேலிக் கட்டைக்குக் கிடங்கு கிண்டுவது, சல்லியும் மணலும் சுமப்பது, கலவை குழைத்துக் கொடுப்பது, கட்டில் மேசை உரஞ்சி வார்னிஷ் அடிப்பது, மரம் நடுவது. ஏற்றவை அல்லாதவை: கூரை, மின்சாரம், கிணற்றுக்குள் இறங்குவது, கல் வைத்துக் கட்டுவது.

கல் கட்டுவது ஊர் மேசனின் வேலை. முதல் தடவை நான் எங்கள் மேசனிடம் "இந்த முறை வெளிநாட்டுப் பிள்ளைகள் செய்வார்கள்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப நான் என்னண்ணை செய்யிறது, பார்த்துக்கொண்டு நிக்கிறதோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மல்லாவிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். குழு வந்த மூன்றாம் நாள் தேடி அலைந்தபோது அவர் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மேசனும் இரண்டு கையாட்களும் முழுச் சம்பளத்துடன் குழுவின் வரவுசெலவில் முதல் வரியாக நிற்கிறார்கள். குழு அவர்களுக்குக் கீழேதான் வேலை செய்கிறது. வருகிற சபைக்கு இதை எழுதும்போது கூச்சப்படவேண்டாம். நல்ல சபைகள் உடனே ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாத சபையை அப்போதே தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

2. மாதம் பார்ப்பது

ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை மழை. அந்த நாட்களில் மண் வேலையும் இல்லை, பெயின்றும் இல்லை. நத்தார் விடுமுறைக்கு வந்த ஒரு குழு ஈரம் காயாத சுவருக்கு அடித்த பெயின்ற், தைப்பொங்கலுக்குள் தோல் உரிந்த மாதிரி உரிந்துவிட்டது.

தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை மிகவும் நல்லது. கிணறு நிறைந்திருக்கும், வெயில் தாங்கலாம். ஒரு சிக்கல்தான்: காலபோக நெல் வெட்டும் நாட்கள் அவை. கையாட்களை முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும்.

ஆனால் வெளிநாட்டுப் பள்ளிகள் ஜூலை, ஓகஸ்ட்டில்தான் விடுமுறை விடுகின்றன. பெரும்பாலான குழுக்கள் அப்போதுதான் வரும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும், கிணறு இறங்கும், புழுதி பறக்கும். வரச்சொல்லலாம், ஆனால் வேலை நேரத்தையும் தண்ணீர்க் கணக்கையும் அதற்கேற்ப மாற்றவேண்டும்.

தவிர்க்கவேண்டிய நாட்களும் உண்டு. போர் முடிந்த மே 18, இறந்த போராளிகளை நினைக்கும் நவம்பர் 27 இரண்டும் இங்கே வீட்டுக்கு வீடு துக்கம். அந்தக் கிழமைகளில் கிற்றாரும் சிரிப்புமாக ஒரு குழு வந்து இறங்கினால், அயலவர் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மனதில் வைத்திருப்பார்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணித் திருநாளில் மடு என்று வாகனம் கிடைக்காத நாட்களையும் கலண்டரில் குறித்துவையுங்கள்.

3. கிண்டும் நிலத்தை உறுதிசெய்யுங்கள்

வேறு ஊர் வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. இங்கே இதைத் தாண்டக்கூடாது.

மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் பெரும்பகுதி முடிந்திருந்தாலும், முழுதாக முடிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் காணி துப்புரவாக்கி ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலர் மூலமும் பிரதேச செயலகம் மூலமும் கேட்டு, எழுத்தில் வைத்திருங்கள். உங்கள் காணி சரியென்றாலும் பக்கத்துப் பற்றைக்காணி சரியென்று எண்ணவேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை முதல் நாளே படமாகக் காட்டுங்கள்.

நெருப்பு இன்னொன்று. இரவில் நெருப்பு மூட்டிச் சுற்றியிருந்து பாடுவது இந்தக் குழுக்களுக்குப் பிடித்தமான விஷயம். மண்ணுக்குள் கிடக்கும் பழைய வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். குப்பை எரித்தவர்களுக்கே அப்படி நடந்திருக்கிறது. ஆகவே நெருப்புக்கு நிலத்துக்கு மேல் சீமெந்து போட்ட ஒரே இடம், வேறெங்கும் இல்லை. கச்சான் காற்று மாதங்களில் அங்கேயும் இல்லை.

ஒருமுறை வேலிக்குக் கிடங்கு கிண்டும்போது அலவாங்கு 'ணங்' என்று எதிலோ பட்டது. எல்லோரையும் வந்த வழியே திருப்பி நடக்கச்சொல்லி, அந்த இடத்துக்குக் கயிறு கட்டி, பொலிசுக்குச் சொன்னோம். ஆட்கள் வந்து பார்த்து வெளியே எடுத்தது ஒரு பழைய பால்மா ரின். அரை நாள் வேலை போனது. பையன்கள் சிரித்தார்கள். அடுத்த முறை சத்தம் கேட்டாலும் இதையேதான் செய்வோம் என்று அந்த இடத்திலேயே சொன்னேன்.

4. வீசாவும் அலுவலகங்களும்

சுற்றுலா வீசாவில் வருகிறவர் சம்பளத்துக்கும் வேலை செய்யக்கூடாது, சம்பளமில்லாமலும் வேலை செய்யக்கூடாது. அதிகமானோர் இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். "நாங்கள் தொண்டுதானே செய்கிறோம், ரூறிஸ்ட் வீசா போதும்" என்று குழுத்தலைவர் எழுதினால் நம்பவேண்டாம். உங்கள் சபையின் தலைமையகம் வழியாகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எந்த வகை வீசா என்று கேட்டு, பதில் வந்த பிறகு விமானச் சீட்டு எடுக்கச்சொல்லுங்கள். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்பது விரைவு. சீட்டை முதலில் வாங்கிவிட்டால் பிறகு எல்லாரும் குறுக்குவழி தேடத்தொடங்குவார்கள்.

வைத்தியர்கள் வருகிறார்களா? இலங்கை மருத்துவச் சபையின் தற்காலிகப் பதிவு இல்லாமல் அவர்கள் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்க முடியாது. பெட்டியில் மருந்து கொண்டுவந்து கொடுப்பதும் அனுமதி இல்லாமல் முடியாது. "சும்மா ஒரு கிளினிக்" என்று கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுங்கள்.

கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், தங்கும் நாட்கள், செய்யும் வேலை நான்கையும் எழுதிக் கடிதம் கொடுங்கள். வடக்குக்கு வர வெளிநாட்டவர் பாதுகாப்பு அமைச்சிடம் அனுமதி எடுக்கவேண்டிய நிலை 2015 ஜனவரியில் நீங்கிவிட்டது உண்மைதான். ஆனாலும் பதினைந்து வெளிநாட்டவர் ஓர் ஊருக்குள் இருந்தால் யாராவது விசாரிக்க வருவார்கள். வரும்போது நீங்கள் முத்திரை குத்திய பிரதியை நீட்டினால் தேநீரோடு முடிந்துவிடும். ட்ரோன் கொண்டுவர வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். சிவில் விமான அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் உங்கள் இல்லம்தான் பதில் சொல்லவேண்டும்.

5. காசு

ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சாப்பாடு, தண்ணீர், மின்சாரம், சமையல் ஆளின் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. வேலைக்கான பொருளுக்கும் மேசன் சம்பளத்துக்கும் தனித் தொகை. இரண்டையும் கலக்கவேண்டாம். கலந்தால் கடைசி நாட்களில் சீமெந்துக் காசில் கோழி வாங்குவீர்கள்.

பொருட்காசு ஒரு மாதம் முன்பே இல்லத்தின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். மணலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வரும் வண்டிக்குக் காத்திருக்கவேண்டும், சல்லி சொன்ன நாளில் வராது. குழு வந்து நிற்கும்போது மணல் இல்லாவிட்டால் அவர்கள் தாங்களாகவே வேறு வேலை கண்டுபிடிப்பார்கள். அதைவிட ஆபத்து வேறில்லை. ஒருமுறை நான் பிரதேச சபைக்குப் போய்வருவதற்குள் முருங்கை மரத்தைத் தறித்து "இடம் துப்புரவு" செய்திருந்தார்கள்.

6. தண்ணீர், மலசலகூடம், படுக்கை

எங்கள் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லீற்றர். பதினைந்து பேருக்கு 1,500. ஆயிரம் லீற்றர் தாங்கி ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைத்தால், காலை ஏழு மணிக்குச் சவர்க்காரம் பூசியபடி ஒருவர் கூப்பிடுவார். ஓகஸ்ட்டில் கிணறு ஒரு நாளில் எவ்வளவு ஊறுகிறது என்பதைக் குழு வருவதற்கு முன் இறைத்து அளந்துபாருங்கள். போதாவிட்டால் பவுசருக்கு முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

குடிக்க வேறு தண்ணீர். எங்கள் பக்கக் கிணறுகளில் கல்சியம் கூட. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவைப் பார்த்த ஒரு பிள்ளை, யாரோ சுண்ணாம்பு போட்டுவிட்டார்கள் என்று பயந்துபோனாள். வடிகட்டிய தண்ணீரைப் பெரிய போத்தலில் வாங்கி, பல் தீட்டவும் அதையே கொடுங்கள்.

மலசலகூடக் குழி நிரம்பியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கடதாசி உள்ளே போடாமல் மூடியுள்ள வாளியில் போடச்சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் எங்கள் குழி இரண்டாம் கிழமை அடைத்தது.

படுக்கை கட்டிலில், நுளம்பு வலையோடு. வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகவேண்டும். நுளம்புக்கு மட்டுமல்ல, இரவில் நிலத்தில் படுப்பவரைத் தீண்டும் விரியனுக்கும் அதுதான் காவல்.

7. கட்டுநாயக்காவிலிருந்து வாசல் வரை

விமானங்கள் நடுச்சாமத்தில் வந்திறங்கும். அப்படியே வான் வண்டியில் ஏற்றி வடக்கே ஓடவேண்டாம். ஏழெட்டு மணித்தியாலப் பயணம், சாரதிக்கும் நித்திரை, வவுனியா தாண்டினால் றோட்டில் யானையும் மாடும். நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கவைத்து, காலையில் புறப்பட்டு, பொழுதுபடுமுன் வந்துசேருவது ஒழுங்கு. சிறிய குழு என்றால் யாழ்ப்பாணம் போகும் ரயிலில் கிளிநொச்சிக்கு வரலாம், பெட்டிகள் மட்டும் வானில்.

முறிகண்டியில் வாகனம் நிற்கும். சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார். ஏ-9 வழியாகப் போகும் எந்தச் சாரதியும் அதைச் செய்யாமல் தாண்டமாட்டார். "நாங்கள் கிறிஸ்தவக் குழு, ஏன் இங்கே நிற்கிறோம்?" என்று யாராவது முகம் சுளித்தால், அந்தச் செய்தி அன்றிரவே ஊருக்கு வந்துவிடும். ஆகவே நீர்கொழும்பிலேயே சொல்லிவையுங்கள். இறங்கி நின்று கால் நீட்டட்டும்.

அங்கே சாரதி ஒரு சுருள் கச்சான் (வேர்க்கடலை) வாங்கி எல்லாருக்கும் நீட்டுவார். அன்பான மனிதர். ஒரு குழுவில் வேர்க்கடலை ஒவ்வாத ஒரு பையன் இருந்தான். அது படிவத்தில் எழுதியும் இருந்தது, நானும் வாசித்திருந்தேன். ஆனால் சாரதியிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தங்கைதான் கையைத் தட்டிவிட்டாள். ஒவ்வாமைப் பட்டியல் இப்போது சாரதி, சமையல் அக்கா, மேசன் மூவரிடமும் தமிழில் எழுதிய தாளாக இருக்கிறது.

8. வேலை நாள்

வந்து சேர்ந்த அடுத்த நாள் வேலை வேண்டாம். இடத்தைச் சுற்றிக் காட்டுவது, போகக்கூடாத எல்லைகள், கருவிகள், மேசனுக்கு அறிமுகம், இவ்வளவும்தான். அவர்கள் வேலை தொடங்கத் துடிப்பார்கள். விடவேண்டாம். வெயிலுக்குப் பழகாத உடம்பு மூன்றாம் நாளில் சுருண்டுபோகும்.

காலை ஆறு மணிக்குத் தேநீரும் பிஸ்கற்றும், ஆறரையிலிருந்து பத்தரை வரை வேலை. காலை ஜெபத்தை வேலைக்கு முன் வைத்தால் குளிர்ந்த நேரம் போய்விடும். நாங்கள் அதைப் பதினொரு மணிக்கு மாமரத்தடியில் வைக்கிறோம். மதியச் சாப்பாடு, தூக்கம். மூன்றரையிலிருந்து ஆறு வரை மீண்டும் வேலை.

கட்டளை ஒரே வாயிலிருந்து வரவேண்டும், அது மேசனின் வாய். மொழிபெயர்க்க ஒருவர் எப்போதும் அவரோடு நிற்கட்டும். புலம்பெயர் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. "அலவாங்கு", "தாச்சி", "சாந்து" போன்ற சொற்களை அவர்கள் வீட்டில் கேட்டிருக்கவும் மாட்டார்கள். முதல் நாள் கருவிகளை வரிசையாக வைத்துப் பெயர் சொல்லிக் கொடுப்பார் எங்கள் மேசன். அதிலேயே பாதிக் கூச்சம் போய்விடும்.

கொங்கிறீற் போடும் நாளைத் தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அன்று யாருக்கும் லீவு இல்லை. ஏன் சொல்கிறேன் என்றால், கனடாக் குழு ஒவ்வொன்றிலும் "எங்கட அம்மம்மாவின்ர வீடு வட்டக்கச்சியில" என்று ஒரு பிள்ளை இருக்கும். அதைப் பார்க்கத்தான் அந்தப் பிள்ளை வந்திருக்கும், வேலை ஒரு சாட்டு. இரண்டாம் கிழமையில் ஒரு முழு நாளை இதற்கென்றே விட்டுவையுங்கள். விடாவிட்டால் கலவை குழைத்த பிறகு சித்தப்பா மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார்.

9. குசினி

சமையலுக்கு இரண்டு பேர், ஒருவர் போதாது. புட்டு, இடியப்பம், சொதி, பருப்பு, வாழைப்பழம் எல்லோருக்கும் சரி. உறைப்பைத் தனியாகச் சம்பலில் வையுங்கள். முதல் மூன்று நாள் கடலுணவும் வெளிக்கடைச் சாப்பாடும் வேண்டாம், அந்த நாட்களில்தான் வயிறு கெடும். இரவில் மிஞ்சிய சோற்றைக் காலையில் கொடுக்கவேண்டாம். நமக்குப் பழஞ்சோறு, அவர்களுக்கு ஆஸ்பத்திரி.

சமையல் அக்காமாருடன் சேர்ந்து தேங்காய் துருவக் கேட்டால் விடுங்கள். அதுதான் அவர்கள் திரும்பிப் போய்ச் சொல்லும் கதையாக இருக்கும்.

10. ஊருக்குள் போகும்போது

சுற்றியுள்ளவர்கள் பெரும்பாலும் சைவர்கள். போர் முடிந்தபின் சாமானும் பிரசுரமும் ஒரே கையால் கொடுத்த ஆட்களை இந்த ஊர் கண்டிருக்கிறது. ஆகவே துண்டுப்பிரசுரம் இல்லை, வீடு வீடாக ஜெபம் இல்லை, இனிப்போ கொப்பியோ கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டுவது இல்லை. பிரசங்கம் உங்கள் போதகர் செய்யட்டும். குழு ஞாயிறு ஆராதனையில் கதிரையில் இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், கிடைத்தாலும் வளவுக்கு வெளியே கேட்காத அளவில் வையுங்கள்.

பிள்ளைகளோடு எவரும் தனியே இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். தாய் தகப்பனிடம் கேட்காமல் படம் இல்லை. ஏதாவது தவறாகத் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு நீங்களே அழைக்கவேண்டும், குழுத்தலைவரின் அனுமதிக்குக் காத்திருக்கவேண்டாம்.

போரைப் பற்றிக் கேள்வி கேட்கவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்ல விரும்புகிறவர் தானாகச் சொல்வார். தேநீர் குடிக்கப் போன வீட்டில், சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி "இது யார்?" என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மா உள்ளே போனவர் நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

தனி ஆட்களுக்குக் காசு, தொலைபேசி கொடுப்பதைத் தடுத்துவிடுங்கள். கொடுக்க விரும்பினால் இல்லத்தின் ஊடாக, குழு போனபிறகு. அப்புறம், இராணுவ முகாம்களைப் படமெடுப்பது, புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது இரண்டும் கூடாது. வழியில் அநுராதபுரத்தில் நிற்பவர்களுக்கு இது கட்டாயம் சொல்லவேண்டியது. கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பயணியை 2014இல் விமான நிலையத்தில் கைதுசெய்து, பிறகு நாடு கடத்தினார்கள்.

11. காய்ச்சல், காயம், பாம்பு

இலங்கையில் மலேரியா இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிசெய்தது. டெங்கு இருக்கிறது. காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரினும் இபுபுரோஃபனும் வேண்டாம், இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் பார்க்கவேண்டும். வயல் சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம், அதனால் பூட்ஸ். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி வரும்முன் போட்டிருக்கவேண்டும்.

பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் இல்லை. கையையோ காலையோ ஆடாமல் வைத்துக் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். உள்றோட்டு என்றால் ஒருவர் மோட்டார்சைக்கிளில் பிரதான வீதிக்குப் போய் நின்று வழிகாட்டவேண்டும். நாய், குரங்கு கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரத்தால் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலை.

12. அவர்கள் போன பிறகு

வான் புறப்பட்டவுடன் எல்லாரும் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். போட்ட கொங்கிறீற்றுக்கு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றவேண்டும், கச்சான் காற்றில் காலை, மதியம், மாலை மூன்று தரம், மேலே ஈரச்சாக்கும் போட்டு. இதற்கு ஓர் ஆளை முன்பே சம்பளத்தோடு நியமியுங்கள். எங்கள் நடைபாதையில் ஓடும் வெடிப்பு, அந்த ஆளை நியமிக்காத வருடத்தின் அடையாளம்.

சமையல் அக்காமாருக்கும் கையாட்களுக்கும் மிச்சக்காசு அன்றே கொடுங்கள். கருவிகளை எண்ணுங்கள். கணக்கைப் பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள், மிச்சம் இருந்தால் எவ்வளவு என்றும் எழுதுங்கள். மேசனோடு இருந்து எது சரிவந்தது, எது வரவில்லை என்று கேட்டுக் கொப்பியில் குறித்துவையுங்கள். போனமுறை எங்கள் மேசன் சொன்னது இரண்டு: கையுறை பெரிய சைஸில் வாங்கவேண்டும், காலைத் தேநீருக்குச் சீனி குறைக்கவேண்டும்.